சுருட்டிவிட்ட இமை முடி ஏன் சரிந்துவிடுகிறது?

கேள்வி: என் இமை முடி நேராக, கொஞ்சம் கீழ்நோக்கி வளர்ந்திருக்கிறது. கர்லரால் சுருட்டினால் நன்றாக மேலே எழும்புகிறது. ஆனால் மஸ்காரா போட்ட கொஞ்ச நேரத்திலேயே மறுபடி படுத்துவிடுகிறது. அடர்த்தியாகத் தெரியட்டும் என்று நாலைந்து தடவை பூசினால் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கிவிடுகிறது. ‘வால்யூம்’, ‘கர்ல்’ என்று போட்டிருந்த மூன்று மஸ்காராக்களை மாற்றிப் பார்த்துவிட்டேன். நான் கண்ணாடி அணிபவள். விளக்கெண்ணெய் தடவினால் இமை முடி அடர்த்தியாக வளரும் என்கிறாள் தோழி. தப்பு என் முடியிலா, கையிலா, மஸ்காராவிலா?

பதில்: தப்பு முக்கால்வாசி மஸ்காராவில்தான். மிச்சம் கையில் இருக்கிறது, அது பழகப் பழகப் போய்விடும். முடியைக் குறை சொல்லாதீர்கள். நேராகக் கீழ்நோக்கி வளரும் இமை முடி மிகச் சாதாரணம். மேக்கப் போட வருகிறவர்களில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் மஸ்காராவால் முகம் அதிகம் மாறித் தெரியும். கண்ணின் மேல் சாய்ந்திருந்த முடி எழும்பியதும் கண்ணே பெரிதான மாதிரி இருக்கும்.

சுருட்டிய முடி ஏன் படுத்துவிடுகிறது? கர்லரில் அழுத்தும்போது முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சில விலகி, வளைந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிப்புக்கு எதிரி தண்ணீர். அயர்ன் வைத்துச் சுருட்டிய தலைமுடி மழையில் நனைந்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும் நடக்கிறது. சாதாரண மஸ்காராவில் மெழுகும் கறுப்பு நிறமியும் தண்ணீரோடு கலந்திருக்கும். நீங்கள் சிரமப்பட்டு வளைத்த முடியின் மேல் அந்த ஈரத்தைப் பூசுகிறீர்கள். அது காய்வதற்குள் வளைவு தளர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நாலைந்து பூச்சின் கனம் வேறு. மேல் இமை முடியின் நீளமே 8 முதல் 12 மில்லிமீட்டர்தான். அதன் நுனியில் மெழுகை ஏற்றிக்கொண்டே போனால் எவ்வளவுதான் தாங்கும்?

ஆகவே உங்களுக்கு வேண்டியது வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா. மழைக்கும் அழுகைக்கும் மட்டும்தான் அது என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நேர் முடிக்காரர்களுக்கு அதன் முதல் பயனே வளைவைப் பிடித்து நிறுத்துவதுதான். அதில் பெரும்பாலும் தண்ணீருக்குப் பதிலாகச் சீக்கிரம் ஆவியாகிவிடும் கரைப்பான் இருக்கும். பூசியதும் அது பறந்துவிடும், மெழுகு மட்டும் இறுகி நிற்கும். கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியின் பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முதல் பெயரே ‘அக்வா’ அல்லது ‘வாட்டர்’ என்றிருந்தால் தண்ணீர் மஸ்காரா. ‘ஐசோடோடெகேன்’ மாதிரியான பெயரில் தொடங்கினால் எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘கர்ல்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மூன்றையும் இப்போதே திருப்பிப் பாருங்கள். மூன்றுமே தண்ணீரில்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

‘வால்யூம்’ என்றிருந்தால் பொதுவாகக் கெட்டியான, மெழுகு தூக்கலான கலவை. நேரான, மெல்லிய முடிக்கு அது பாரம். வால்யூம் மஸ்காராவைப் பிடித்துப்போய்விட்டது, விடமுடியாது என்றால் ஒரு வழி உண்டு. முதல் பூச்சை வாட்டர்ப்ரூஃபில் மெல்லிசாகப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் வால்யூம் மஸ்காராவை அடிப்பகுதியில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். வளைவை முதல் பூச்சு பார்த்துக்கொள்ளும்.

எழுதியிருப்பதைவிட உள்ளே இருக்கும் பிரஷ்தான் முக்கியம் என்பேன். புசுபுசுவென்று அடர்ந்த பிரஷ் மஸ்காராவை நிறைய அள்ளிக்கொண்டு வரும். அது ஏற்கனவே மேல்நோக்கி வளைந்த, உறுதியான முடிக்குச் சரி. உங்களுக்கு ஒல்லியான, சீப்புப் பல் போன்ற ரப்பர் பிரஷ் வாங்குங்கள். குறைவாக எடுக்கும், முடியைப் பிரித்துக் கொடுக்கும், வேர் வரை போகும்.

சரி, கர்லர். இமை முடி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். முகம் கழுவியவுடனோ, கண்ணைச் சுற்றி க்ரீம் தடவியவுடனோ சுருட்டினால் நிற்காது. முகம் பார்க்கும் கண்ணாடியை நேரே வைக்காமல் மோவாய்க்குக் கீழே வைத்து, குனியாமல், பார்வையை மட்டும் இறக்கிப் பாருங்கள். இமை விரிந்து கொடுக்கும், முடியின் அடி முழுக்கத் தெரியும். கர்லரைத் திறந்து முடியை உள்ளே விட்டு, இமை ஓரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு போங்கள். உடனே அழுத்தாதீர்கள். பாதி மூடி நிறுத்தி, தோல் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கென்றால் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மாட்டவில்லை என்றால் மெதுவாக அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். அப்புறம் தளர்த்தி, முடியின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, இன்னும் லேசாக ஓர் அழுத்தம். நுனிக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட தொட்டுவிட்டு எடுத்தால் போதும்.

மூன்று இடத்தில் அழுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடியில் மட்டும் ஒரே அழுத்தாக அழுத்தினால் முடி வளையாது, மடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் முழங்கை மடக்கியது போலத் தெரியும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதை ஏற்கனவே சரியாகச் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தியிருக்கும்போது கர்லரை வெளியே இழுக்கவே கூடாது. முழுக்கத் திறந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

கர்லரில் உள்ள ரப்பர் பட்டையை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? அதில் கோடு விழுந்து பள்ளமாகியிருந்தால் முடி அந்தப் பள்ளத்தில் வெட்டுப்படும். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. வாரம் ஒரு தடவையாவது பட்டையைத் துடைத்து வையுங்கள், பழைய மஸ்காரா ஒட்டியிருந்தால் முடியும் அதில் ஒட்டும். இதே காரணத்துக்காகத்தான் மஸ்காரா போட்ட பிறகு கர்லர் கூடாது என்கிறோம். இறுகிய முடி வளையாமல் ஒடியும், அல்லது பட்டையோடு ஒட்டிக்கொண்டு வேரோடு வரும். ஓர் இமை முடி விழுந்தால் அந்த இடம் நிரம்பச் சில வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகலாம். மேல் இமையில் மொத்தமே ஏறத்தாழ 90 முதல் 150 முடிகள்தான், இழப்பதற்கு அதிகம் இல்லை. சூடாக்கும் கர்லர் வைத்திருந்தால் முதலில் முன்கையில் வைத்துப் பாருங்கள். சாதாரண கர்லரை ஹேர் டிரையரில் காட்டிச் சூடாக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் உலோகம் எவ்வளவு சுட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

சுருட்டி முடித்ததும் தாமதிக்காமல் மஸ்காராவை எடுங்கள். பிரஷ்ஷை டியூபுக்குள் மேலும் கீழும் குத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே காற்று போகிறது, மஸ்காரா சீக்கிரம் காய்ந்து கட்டியாகிறது. உங்கள் முடி ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உள்ளேயே மெதுவாகச் சுழற்றி எடுத்தால் போதும். வெளியே எடுத்ததும் பிரஷ்ஷின் நுனியை டியூபின் வாயிலோ டிஷ்யூவிலோ ஒற்றிவிடுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் உருண்டைதான் முதல் தொடுதலிலேயே நாலு முடியைச் சேர்த்து ஒட்டுகிறது. பிரஷ் பார்க்க ஏறக்குறைய காலியாகத் தெரிய வேண்டும். வீணாக்குகிறோமே என்று தோன்றும், பரவாயில்லை.

பார்வை கீழே. பிரஷ்ஷை வேரில் படுக்கவைத்து, இடமும் வலமுமாகச் சின்னச் சின்ன அசைவு கொடுங்கள். மூன்று நான்கு அசைவுக்குப் பிறகு, கையை உதறாமல் அப்படியே மேலே இழுத்து விடுங்கள். நுனிக்கு வரும்போது பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதே அதற்குப் போதும். அடர்த்தி என்று நாம் பார்ப்பது முடியின் நுனியில் இல்லை. வேர்களுக்கு இடையே தெரியும் வெளிர்தோல் மறைந்து, இமை ஓரம் கறுப்பாகத் தெரிவதைத்தான் கண் ‘நிறைய முடி’ என்று எடுத்துக்கொள்கிறது. அடியில் கனம் இருந்தால் முடி சாயாது, நுனியில் இருந்தால் சாயும். நீங்கள் நாலைந்து தடவை பூசியது பெரும்பாலும் நுனியில் போய்ச் சேர்ந்திருக்கும், ஏனென்றால் நேரே பார்த்துக்கொண்டு பூசினால் கைக்கு முதலில் எட்டுவது நுனிதான்.

இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் மூன்றாவது பூச்சுக்குப் போகாதீர்கள். கறுப்பு ஐ பென்சிலால் முடிகளுக்கு நடுவே, வெளிப்பக்கமாக, புள்ளி புள்ளியாக வையுங்கள். இமையின் உள்விளிம்பில் வேண்டாம். கண்ணீர் ஆவியாகிவிடாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது.

நடு முடியை நேரே மேலே, வெளி ஓர முடியைக் காதுப் பக்கமாக, உள் ஓரத்தை மூக்குப் பக்கமாக விசிறிபோல் இழுக்கலாம். மூலைகளுக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் தொடுங்கள். பூசி முடித்ததும் பிரஷ்ஷை முடிக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கித் தாங்கிப் பிடித்து ஏழெட்டு எண்ணுங்கள். பலர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இது. வாட்டர்ப்ரூஃப் இறுகுவது அந்தச் சில விநாடிகளில்தான், அப்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே நிலைக்கும்.

அதே மஸ்காராவில் இரண்டாவது பூச்சு போடுவதாக இருந்தால் முதல் பூச்சு லேசாகப் பிசுபிசுக்கும்போதே போட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் கட்டி தட்டும். நடைமுறையில், வலது கண் முதல் பூச்சு, இடது கண் முதல் பூச்சு, மறுபடி வலது என்று போனால் நேரம் கணக்காக இருக்கும். இரண்டோடு நிறுத்துங்கள். ஒட்டிக்கொண்ட முடிகளைப் பிரிக்க, தீர்ந்துபோன மஸ்காராவின் பிரஷ்ஷைச் சோப்பில் கழுவிக் காயவைத்து வைத்துக்கொள்ளலாம். குண்டூசி கொண்டு பிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கண்ணுக்குக் கீழே இறங்கும் கறுப்புக்கு வருவோம். வாட்டர்ப்ரூஃப் தண்ணீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. உங்கள் ஐ க்ரீம், சன்ஸ்கிரீன், கன்சீலர், தோலின் சொந்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து மெழுகை இளக்குகின்றன. மேக்கப்புக்கு முன் கண்ணடியில் க்ரீம் குறைவாகப் போட்டு, பத்து நிமிடமாவது ஊறவிட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மேலே ஒரு சிட்டிகை பவுடர். கீழ் இமை முடிக்கு மஸ்காராவே வேண்டாம். கீழே இறங்கும் கறுப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது, அதில் கிடைக்கும் அழகு அந்தத் தொல்லைக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

இதையெல்லாம் செய்தும் இறங்கினால் ‘டியூபிங்’ மஸ்காரா என்று ஒரு வகை இருக்கிறது. அது முடியைச் சுற்றி பாலிமர் உறையாக இறுகும். எண்ணெய்க்கு இளகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால் குட்டிக் குழல்களாகக் கழன்று வரும். ஆனால் அவற்றில் பல தண்ணீர் கலந்தவை, வளைவைப் பிடிப்பதில் வாட்டர்ப்ரூஃப் அளவுக்கு வராது. வளைவா, கறைபடாமையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். உங்களுக்கு நான் வளைவைத்தான் எடுப்பேன்.

கண்ணாடி அணிபவர் என்பதால் இன்னும் சில. முடியை நீளமாகக் காட்டும் ‘லெங்க்தனிங்’ மஸ்காராக்கள் சிலவற்றில் குட்டி நார்கள் இருக்கும், அவை உதிர்ந்து லென்ஸிலும் கண்ணிலும் விழும். காண்டாக்ட் லென்ஸ் போடும் நாளில் அது அறவே வேண்டாம். அன்று லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப், கழற்றிய பிறகு மேக்கப் கலைப்பு. இமை முடி கண்ணாடியில் உரசிக் கறுப்புக் கோடு விழுகிறதென்றால், கண்ணாடிக் கடையில் மூக்குப் பட்டையைச் சரிசெய்து ஃபிரேமைச் சற்று முன்தள்ளச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும், அதனால் வேரில் கொஞ்சம் தாராளமாகப் பூசலாம். ப்ளஸ் லென்ஸ் என்றால் நேர்மாறு, ஒவ்வொரு கட்டியும் பெரிதாகத் தெரியும், ஒரு பூச்சோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்ப்ரூஃபைத் தினமும் போட்டால் கலைப்பதில்தான் கவனம் தேவை. முடி கொட்டுவதற்கு மஸ்காராவைவிடத் தேய்ப்பதே பெரிய காரணம். எண்ணெயும் தண்ணீரும் இரண்டு அடுக்காக நிற்கும் ரிமூவரைக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய இமை மேல் அரை நிமிடம் சும்மா வைத்திருங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. வராத மிச்சத்துக்கு மறுபடி பஞ்சு, மறுபடி காத்திருப்பு. போட்டபடியே தூங்குவது கூடாது. ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் மஸ்காராவைச் சரியாகக் கலைக்காமல் விட்ட ஒரு பெண்ணின் மேல் இமைக்கு அடியில் கறுப்புக் கட்டிகள் சேர்ந்திருந்ததை 2018இல் கண் மருத்துவ இதழ் ஒன்று படத்தோடு வெளியிட்டது.

திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். காய்ந்ததென்று தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்காதீர்கள், அடுத்தவரோடு பகிராதீர்கள். கண் சிவந்தோ கட்டி வந்தோ இருந்தால் அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்களிடம் மூன்று இருப்பதால் கேட்கிறேன், முதலாவதை வாங்கி எவ்வளவு நாளாயிற்று?

தினமும் இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் பார்லரில் ‘லாஷ் லிஃப்ட்’ செய்கிறார்கள். முடியின் உள்பிணைப்பையே மருந்து வைத்து மாற்றி வளைப்பது, ஏறக்குறைய 6 முதல் 8 வாரம் நிற்கும். கைபழகியவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள். அதற்கான பெட்டியை வாங்கி வீட்டில் முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தலைமுடி டையை இமையில் தடவுவதும் அப்படித்தான். 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அழகுசாதனங்களையும் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக விளக்கெண்ணெய். அது முடிக்கு மினுமினுப்புத் தரும், அதனால் கொஞ்சம் கறுப்பாக, கனமாகத் தெரியலாம். புது முடியை வளரவைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. கண்ணுக்குள் போனால் பார்வை மங்கும், எரியும். காலையில் அதன் பிசுக்கு மிச்சமிருந்தால் சுருட்டலும் நிற்காது, மஸ்காராவும் வழியும். இமை முடியை வளர்க்கும் மருந்தாக அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது பைமாட்டோப்ராஸ்ட். இது முதலில் கண் அழுத்த நோய்க்கு வந்த மருந்து. தடவிய இடத்தில் இமைத்தோல் கறுக்கலாம், கண்மணியைச் சூழ்ந்த வண்ணப் பகுதியின் நிறம் நிரந்தரமாக மாறவும் வாய்ப்புண்டு. எனவே மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் முடி கொட்டுவதாக எதுவும் இல்லை, ஆகவே உங்களுக்கு இவை எதுவும் தேவைப்படாது. என்றைக்காவது இமை முடி திட்டுத்திட்டாகக் கொட்டினாலோ, இமை ஓரத்தில் பொருக்குத் தட்டி அரித்தாலோ மஸ்காராவை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறில்கூட இமை முடியும் புருவ முடியும் உதிர்வதுண்டு.